டிக்கியில் ஒரு தேங்காய்

கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் டிரைவர்கள் சிலர், கரமனையில் நான் டீ குடிக்கும் கடைக்கு வருவார்கள். எல்லாம் புது வண்டி. வழியைப் போன் சொல்கிறது, டயரில் காற்று குறைந்தால் வண்டியே சொல்கிறது. பழைய வண்டிகளையெல்லாம் இனி உடைத்துப் போடப் போகிறார்களாம் என்று பேச்சு வந்த ஒரு நாள், அவர்களில் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தாணு அண்ணா, அந்தப் பழைய வண்டிகள வச்சுட்டு எப்படி மெட்ராஸ் வரைக்கும் போனீங்க? பேடி இல்லையா?"

பயம் இருந்தது என்றேன். அத்தோடு வாயை மூடியிருக்கலாம். எல்லாவற்றையும் எழுதியே தருகிறேன் என்று வீம்பாகச் சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் மணி சாமியை ஏற்றிக்கொண்டு போன ஓட்டம் குறுக்கே வந்து படுத்துக்கொள்கிறது. அதைத் தாண்டி வேறு எதையும் எழுத முடியவில்லை. அதில் என்ன பாடம் இருக்கிறது என்று கேட்டால் எனக்கே தெரியாது.

நான் சொந்தமாகக் கார் வைத்திருந்தவன் அல்ல. ஆக்டிங் டிரைவர். கார் இருக்கும், தூரம் ஓட்டத் தெம்பு இருக்காது, அப்படிப்பட்டவர்கள் கூப்பிட்டால் போய் அவர்கள் வண்டியை ஓட்டிக் கொடுப்பேன். தக்கலைப் பக்கத்திலிருந்து லாரி கிளீனராக வந்தேன், லாரி ஓட்டினேன், முதுகு கெட்டது, காருக்கு வந்தேன். படிப்பு, பயிற்சி எல்லாம் அவ்வளவுதான். மீதியை ஆறுமுகம் அண்ணாச்சியின் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

பிடுங்கினேன் என்று சும்மா சொல்லவில்லை. சாலைக் கடைத்தெருவின் ஒரு சந்தில் ஒரு மேசை, ஒரு போன், ஒரு காலண்டர், அதுதான் எங்களைப் போன்ற டிரைவர்களை ஓட்டத்துக்கு அனுப்பும் அண்ணாச்சியின் ஆபீஸ். அவர் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார். காலண்டரைப் பார்த்துப் பேசுவார். பேசுவதிலும் பாதி வாக்கியம்தான் வெளியே வரும். மீதியை வெற்றிலையோடு சேர்த்து மென்றுவிடுவார். "லேய் தாணு, அந்த வண்டிக்கு செகண்ட் கியர்ல ஒரு..." என்பார். நிறுத்திவிடுவார். ஒரு என்னவென்று பாறசாலை தாண்டின பிறகு நாமே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். எத்தனை தடவை மனசுக்குள் திட்டியிருக்கிறேன் என்று கணக்கே இல்லை.

ஆனால் கிழட்டு வண்டி ஒன்று லாங் போகிறது என்றால் அவர் வேறு ஆள். வண்டியை முந்தின நாளே கொண்டுவரச் சொல்வார். முதலில் பானெட்டைத் திறக்க மாட்டார். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை விரலால் தட்டிப் பார்ப்பார். ஓடும் டயரை எல்லாரும் பார்ப்பார்கள், ஸ்டெப்னியைப் பார்க்காதவன்தான் வழியில் நிற்பான் என்பது அவர் கட்சி. பிறகு இன்ஜின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் ஹோஸைக் கட்டைவிரலால் அழுத்துவார். பழைய ரப்பர் என்றால் உள்ளே நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம் வரும். பெல்ட்டைத் திருப்பி அடிப்பக்கம் விரிசல் பார்ப்பார். கடைசியாக என்னைக் கிழக்கே கோட்டையை ஒரு சுற்றுச் சுற்றிவரச் சொல்லிவிட்டு, வந்து நின்றதும் நாலு சக்கரத்தையும் புறங்கையால் தொடுவார். ஒன்று மட்டும் சுட்டால் அதில் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இத்தனைக்கும் பிறகு தேங்காய். இரண்டு வாங்க வேண்டும். ஒன்றைப் புறப்படும்போது பழவங்காடிப் பிள்ளையாருக்கு உடைப்போம். இன்னொன்று ஸ்டெப்னியின் குழிக்குள் உட்கார்ந்து நம்மோடு பயணம் வரும். ஊர் திரும்பியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் அதே சன்னிதியில் அதை உடைக்க வேண்டும். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வருகிற ஒன்வே ஓட்டம் என்றால் ஒரே தேங்காய்தான். அண்ணாச்சி ஆட்கள் எல்லாருக்கும் இது சட்டம். எங்களைக் கூப்பிடுகிற வாடிக்கைக்காரர்களுக்கும் இது தெரியும்.

மணி சாமி அப்படி ஒரு வாடிக்கைக்காரர். வலியசாலை அக்ரஹாரத்தில் வீடு. கணக்கு ஆபீஸில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய அம்பாசிடரில் கிலோமீட்டர் எண்ணும் மீட்டர் எப்போதோ செத்துப்போனது. அதற்கு முன்பே அது ஒரு முழுச் சுற்று சுற்றி மறுபடி சைபரிலிருந்து ஆரம்பித்தது என்று பெருமையாகச் சொல்வார். அவரையும் மாமியையும் பழனி, கும்பகோணம் என்று நான் எத்தனையோ தடவை கொண்டுபோய்க் கொண்டுவந்திருக்கிறேன். மாமி போன பிறகு அவர் தனியாகத்தான் இருந்தார். ஒரே மகள் லலிதா சென்னையில் வேலை பார்க்கிறாள்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு நாள் லலிதா எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, அப்பாவுக்கு ஞாபகம் சரியில்லை. ரெண்டு தடவை கேஸை அணைக்காம வெளியில போயிட்டார். பக்கத்துல கிள்ளிப்பாலத்துல நின்னுண்டு நம்ம ஆத்துக்கே வழி கேட்டிருக்கார். இங்க கொண்டுவந்துடணும். ட்ரெயின்ல ஏற மாட்டேங்கறார், ப்ளேன்னா கேக்கவே வேண்டாம். நம்ம கார்ல போயிட்டு வரலாம்னேன், உடனே சரின்னுட்டார். நீங்க கொண்டுவந்து விட்டுட்டுப் போயிடுங்கோ. கார் இங்கயே இருக்கட்டும், அப்புறம் வித்துக்கறேன். அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கோ."

போயிட்டு வரலாம் என்று அவருக்கு. விட்டுட்டுப் போயிடுங்கோ என்று எனக்கு. அவள் குரலில் அழுகை இருந்தது. குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அண்ணாச்சியிடம் போய், இது யார் ஓட்டம் என்று கேட்டேன். காலண்டரைப் பார்த்தார்.

"கூப்பிட்டது மக. இருக்கப்போறது அப்பன். அப்பம் நீ..." என்றவர், ஸ்டெப்னியைப் பார்க்க எழுந்து போய்விட்டார்.

புறப்பட்ட அன்று பழவங்காடியில் வண்டியை ஓரம் கட்டினேன். மணி சாமி பின் சீட்டில், துவைத்த வேட்டியும் விபூதியுமாக, மடியில் ஒரு ரெக்சின் பையோடு உட்கார்ந்திருந்தார். என் பெயரை இரண்டு தடவை மாற்றிக் கூப்பிட்டிருந்தார். தேங்காய்க் கடைக்காரர் வழக்கப்படி இரண்டை எடுத்தார். நான் ஒன்றைத் திருப்பி வைத்தேன். ஒன்வே ஓட்டம், ஒரு தேங்காய். பழக்கம் அப்படி. உடைத்துவிட்டு வந்து சீட்டில் உட்கார்ந்தேன்.

"தாணு, ரெண்டாவது எங்கேடா?"

பெயர் மறக்கிற மனுஷர் தேங்காயை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

"நாம திரும்பி வரோமோல்லியோ?"

இறங்கிப் போய் இன்னொரு தேங்காய் வாங்கி வந்து, அவர் பார்க்கவே டிக்கியில் வைத்தேன். அது பொய்யா, மரியாதையா, எனக்கு அன்றும் தெரியவில்லை.

வண்டி நன்றாகவே ஓடியது. அந்த வண்டியை நாற்பதில் வைத்தால் தாலாட்டும், அறுபதைத் தாண்டினால் கதவெல்லாம் பேசும். மார்த்தாண்டம் தாண்டும்வரை சாமி தெளிவாக இருந்தார். எங்கே கியர் மாற்ற வேண்டும் என்று பின்னாலிருந்தே சொன்னார். ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளைப் பார்த்ததும் எங்கோ நழுவிவிட்டார்.

"தாணு, இப்போ நாம போறோமா, வரோமா?"

"போறோம் சாமி."

"எங்கே?"

"மெட்ராஸ். லலிதாம்மாவப் பாக்க."

"சரி, சரி." கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "போறோமா, வரோமா?"

வள்ளியூரில் கேட்டார். திருநெல்வேலியில் இட்லி தட்டின் முன் கேட்டார். இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு, "ஆத்துல கேஸை அணைச்சேனோ?" என்றும் கேட்டார். நான்தான் அணைத்தேன், சிலிண்டரையும் மூடினேன் என்றேன். பக்கத்து மேசைக்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

கோவில்பட்டி நெருங்கும்போது உச்சி வெயில். ஹீட் முள் மெல்ல ஏறியது. வண்டியை ஒரு வேப்பமரத்தடிக்கு ஓட்டி நிறுத்துவதற்குள் பானெட்டிலிருந்து ஆவி வந்துவிட்டது. அண்ணாச்சி அழுத்திப் பார்த்துச் சரி சொன்ன ஹோஸ்தான். ரேடியேட்டரில் மாட்டுகிற இடத்தில், கிளிப்பை ஒட்டி, விரல் நீளத்துக்கு வெடித்திருந்தது. கட்டைவிரலுக்குத் தெரியாத விரிசலும் இருக்கிறது போல.

இதில் அவசரப்பட்டால் முகம் வெந்துபோகும். நிழலில் நின்று காத்திருந்தேன். சூடு இறங்கியதும் ஈரச் சாக்கைப் போட்டு மூடியைப் பாதி மட்டும் திருப்பினேன். சீறல் அடங்கிய பிறகுதான் முழுதும் திறந்தேன். வெடித்த நுனியை பிளேடால் வட்டமாக அறுத்து எறிந்தேன். மீதி ஹோஸை இழுத்து மாட்டிக் கிளிப்பை முறுக்கினேன். கொஞ்சம் குட்டையாகிவிட்டது, ஆனாலும் எட்டியது. இன்ஜினை ஓடவிட்டு, தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். சுட்ட இரும்பில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் பிளாக் வெடித்துவிடும்.

நான் இதைச் செய்துகொண்டிருந்தபோது சாமி இறங்கி வண்டிக்குப் பின்னால் போனார். டிக்கி திறக்கும் சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தேன். தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டிக்கொண்டிருந்தார்.

"இருக்கு," என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "தேங்காய் இருந்தா போயிண்டிருக்கோம்னு அர்த்தம். இல்லேன்னா ஆத்துக்கு வந்தாச்சுன்னு அர்த்தம். சரிதானேடா?"

"சரிதான் சாமி."

அதற்குப் பிறகு போறோமா, வரோமா என்று அவர் என்னைக் கேட்கவே இல்லை. சந்தேகம் வந்தால் வண்டியை நிறுத்தச் சொல்வார், இறங்கி டிக்கியைத் திறப்பார், ஆட்டுவார், "போயிண்டிருக்கோம்" என்று சொல்லிவிட்டு வந்து உட்காருவார்.

அந்த வேப்பமரத்தடியில்தான் நான் குழம்பிப்போனேன். இப்போது திரும்பினால் இருட்டுவதற்குள் வலியசாலை போய்விடலாம். ஹோஸ் வெடித்துவிட்டது, கிழட்டு வண்டி தாங்காது என்றால் யார் மறுக்கப்போகிறார்கள்? பிள்ளையார் முன்னால் தேங்காயை உடைக்கலாம், சாமி தன் வீட்டில் தூங்கலாம். லலிதாவுக்குப் போன் செய்து வண்டி நின்ற விஷயத்தைச் சொன்னேன்.

"மதுரையிலேர்ந்து டாக்சி அனுப்பட்டுமா? அப்பா கார்லேர்ந்து இறங்குவாரா?"

"இறங்க மாட்டாரு. வண்டிய செரியாக்கிட்டேன். ஆனா... சாமி திரும்பிப் போவோம்னு நெனச்சுக்கிட்டிருக்காரும்மா."

"நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்கோ அண்ணா," என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டு அண்ணாச்சியைக் கூப்பிட்டு, சாமி வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்த கேள்வியைச் சொன்னேன்.

"போறோமா வாறோமான்னு சாமி எதவச்சுத் தீர்மானிக்காரு?" என்றார்.

"டிக்கியில தேங்காயப் பாத்து."

"செரி. அப்பம் தேங்காய்தான்..." என்றார். போன் பேட்டரி தீர்ந்ததோ, வார்த்தை தீர்ந்ததோ, அத்தோடு முடிந்தது.

வண்டியைக் கிளப்பி ரோட்டோரம் வந்து நின்றேன். நேரே போனால் மதுரை. கொஞ்சம் தள்ளி, வலது பக்கம் வளைந்து ஊருக்கே திரும்ப நடுத்திட்டில் ஓர் இடைவெளி தெரிந்தது. இண்டிகேட்டரைக்கூடப் போட்டுவிட்டேன். அப்போது பின்னாலிருந்து சாமி, "தாணு, கேஸை அணைச்சேனோ?" என்றார்.

இண்டிகேட்டரை அணைத்துவிட்டு நேரே ஓட்டினேன். மதுரையில் தங்கி மறுநாள் சாயங்காலம் சென்னை சேர்ந்தோம்.

லலிதாவின் அபார்ட்மென்ட் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளையார் இருந்தார். அவள் அவர் அருகிலேயே நின்றிருந்தாள், கண்ணெல்லாம் சிவந்து. சாமி இறங்கினார். கட்டடத்தை மாடி மாடியாக அண்ணாந்து பார்த்தார். மகளைப் பார்த்தார். அவள் "அப்பா" என்று கையைப் பிடிக்க வந்தாள். அவர் கையைக் கொடுக்கவில்லை. நேராக வண்டிக்குப் பின்னால் போனார்.

"திறடா."

திறந்தேன். ஸ்டெப்னிக் குழியிலிருந்து தேங்காயை எடுத்தார். காதருகே வைத்து ஆட்டினார். என் கையில் வைத்தார்.

"உடை."

இதை உடைத்தால் ஓட்டம் முடிந்தது. திரும்பிப் போக ஒன்றுமில்லை.

"சாமி, இது மெட்ராஸ்லா? ஊருக்குப் போய்லா இத உடைக்கணும்?"

"மெட்ராஸ்னு எனக்குத் தெரியாதா? உடை."

குரல் பழைய ஆபீஸர் குரல். நான் லலிதாவைப் பார்த்தேன். சின்ன வயதிலேயே ஊரை விட்டுப் போன அவளுக்கு இந்தத் தேங்காய்ச் சட்டம் தெரியாது. "சொல்றாரே அண்ணா, உடைச்சுடுங்கோ," என்றாள். அந்தச் சின்னப் பிள்ளையார் முன்னால் உடைத்தேன். சரிபாதியாக விழுந்தது. சாமி ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "கோயில்ல நடை திறந்தாச்சோ?" என்று வலியசாலைத் தெருவில் நின்று கேட்கிற மாதிரியே கேட்டுவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

நான் ரயிலில் ஊர் வந்தேன். அண்ணாச்சி காலண்டரைப் பார்த்தபடியே கேட்டார்.

"ரெண்டாவது தேங்காய் என்னாச்சு?"

"மெட்ராஸ்லயே உடைச்சாச்சு."

"யாரு உடைக்கச் சொன்னா?"

"சாமிதான்."

முதல் தடவையாக அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார். "அப்பம் சாமிக்கு..." என்றார். வெற்றிலையை எடுத்தார். போன வருஷம் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த வாக்கியத்தின் மீதி எனக்குக் கிடைக்கவே இல்லை.

இவ்வளவும் எழுதி முடித்து, டீக்கடைக்கு வரும் அந்த டிரைவர்களிடம் கொடுத்துவிடலாம் என்றிருந்தேன். நேற்று லலிதா போன் செய்தாள். காரை அவள் விற்கவில்லையாம். கீழே பார்க்கிங்கில் கிடக்கிறது, எப்.சி. தீர்ந்து, டயர் இறங்கி. சாமிக்கு இப்போது அவள் பெயர்கூட நினைவில் இல்லை.

"ஆனா அண்ணா, தினமும் சாயங்காலம் ஆத்துக்குப் போகணும்னு ஒரே ரகளை. கீழ கூட்டிண்டு போவேன். டிக்கியைத் திறந்து உள்ள கையை விட்டுத் துழாவிப் பார்ப்பார். 'தேங்காய் இல்லை, வந்தாச்சு'ன்னுட்டு சமத்தா லிஃப்ட்ல ஏறிடறார். அது என்ன தேங்காய் அண்ணா?"

சொன்னேன். இத்தனை வருஷம் கழித்து எல்லாவற்றையும் சொன்னேன். அன்று கேட்டருகில் அவர் தெளிவாகத்தான் இருந்தாரா? பின்னால் தன் புத்தி முழுதாகப் போய்விடும், அப்போது மகளைப் படுத்தக்கூடாது என்று, போகிற போக்கில் தனக்கே ஒரு அடையாளம் செய்துவைத்தாரா? இல்லை, அந்தக் கேட்டை வலியசாலை என்றே நினைத்துவிட்டாரா? மெட்ராஸ் என்று தெரியாதா என்று கேட்டவரும், நடை திறந்தாச்சோ என்று கேட்டவரும் ஒரே ஆள்தானே?

லலிதா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் போனை வைத்தாள். இன்று சாயங்காலம் மறுபடி கூப்பிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ டிக்கியில தேங்காய் இருந்தா, இன்னும் போயிண்டிருக்கோம், திரும்பிப் போகப்போறோம்னு நினைச்சுப்பாரோ?"

"நெனப்பாரும்மா."

"டாக்டர் இனி ரொம்ப நாள் இல்லேங்கறார். ஒரு தடவையாவது ஊர் ஞாபகத்தோட சந்தோஷமா இருக்கட்டுமேன்னு தோணறது. ஆனா அதை எடுத்துப் பார்த்துட்டு, கிளம்பலாம்னு பின் சீட்ல ஏறி உட்கார்ந்துட்டார்னா? அவரை எப்படி இறக்குவேன்? மார்க்கெட்ல ஒண்ணு வாங்கிண்டு வந்துட்டேன் அண்ணா. டிக்கியைத் திறந்து வச்சுண்டு நிக்கறேன். அப்பா வாட்ச்மேனோட லிஃப்ட்ல வந்துண்டிருக்கார். வைக்கட்டுமா, வேண்டாமா?"

"லைன்லயே இருங்க லலிதாம்மா," என்றேன். போனுக்குள் லிஃப்ட் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.